பத்தாயிரத்துப் பதினேழு

ஐயா,

என் மகள் அரசுத் தொடக்கப்பள்ளியில் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். தமிழக அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ அடிப்படைக் கற்றல் திட்ட வகுப்பில், கணக்கில் அவளை மூன்று நிலைகளில் நடுவிலுள்ள ‘மொட்டு’ நிலையில் வைத்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பையனுக்கும் அதே வயதுதான். தனியார் பள்ளி. நாலு இலக்கக் கூட்டல் போடுகிறான். இவளை நூற்றுப் பதினேழு எழுதச் சொன்னால் 10017 என்று எழுதுகிறாள். தொண்ணூறு என்றால் 900. தினமும் இரவு ஒன்றிலிருந்து ஐந்நூறு வரை எழுத வைக்கிறேன். அழுதுகொண்டே எழுதுகிறாள், ஆனால் அப்போது தப்பே வருவதில்லை. மறுநாள் சொல்லச் சொல்ல எழுதினால் மறுபடியும் 10017. தமிழில் ர, ற மாறுகிறது. ஆங்கிலத்தில் சின்ன பி-யும் (b) டி-யும் (d) திரும்பிக்கொள்கின்றன. அறிவியல் நோட்டில் எதுவுமே இல்லை, இலை பொறுக்கினோம், பிரித்து வைத்தோம் என்கிறாள். டியூஷன் சேர்க்கலாமா, இல்லை ஆங்கில வழிப் பள்ளிக்கே மாற்றிவிடலாமா?

க.

அன்புள்ள க.,

ஐந்நூறு வரை எழுதும் அந்த இரவு வேலையை இன்றோடு நிறுத்திவிடுங்கள். மற்றதெல்லாம் பிறகு. எட்டு வயதுப் பிள்ளை அழுதுகொண்டே எழுதுகிறது என்று நீங்களே சொல்கிறீர்கள். அதைப் பார்த்துக்கொண்டு எப்படியம்மா உட்கார்ந்திருந்தீர்கள்? அவள் முகத்தைப் பார்க்க முடியாவிட்டாலும் கையையாவது கவனித்திருக்கலாம். 120-லிருந்து 129 வரை எழுதும் பிள்ளை, பத்து வரிக்கும் மேலிருந்து கீழாக 12, 12, 12 என்று முதலில் போட்டுவிடும். அப்புறம் மேலே போய் 0, 1, 2, 3 என்று ஓரத்தில் சேர்த்துக்கொண்டே இறங்கும். நூற்று இருபத்து நான்கு என்ற எண் அதன் மனதில் ஒரு தடவைகூட வந்து போயிருக்காது. தப்பு வராததற்குக் காரணம் அதுதான். கை வலித்ததைத் தவிர அந்த ஐந்நூறில் அவளுக்கு எதுவும் மிஞ்சவில்லை.

நம் எண்ணுப் பெயர்களும் எண்களை எழுதும் முறையும் எங்கெங்கே உரசிக்கொள்கின்றன என்று கொஞ்ச நாளாகவே யோசித்து வருகிறேன். அதனால் அந்த 10017-ஐப் பார்த்ததும் உங்கள் மற்றக் கேள்விகள் பின்னால் போய்விட்டன.

உங்கள் மகளுக்கு 100 எழுதத் தெரியும். 17 எழுதத் தெரியும். காதில் விழுந்த வரிசைப்படி இரண்டையும் எழுதியிருக்கிறாள். பழைய தமிழ் எண்முறையும் இதற்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. நூற்றுப் பதினேழை ௱௰௭ என்று எழுதினார்கள். நூறுக்கு ஒரு குறி, பத்துக்கு ஒரு குறி, ஏழுக்கு ஒன்று. பேசிய வரிசையிலேயே எழுத்தும் போனது, பூஜ்யம் தேவைப்படவில்லை. இப்போது நாம் எழுதும் 117-ல் நூறு என்ற சொல்லுக்கென்று தனிக் குறியே கிடையாது. வலமிருந்து மூன்றாம் இடத்தில் நிற்பதால்தான் அந்த 1 நூறாகிறது. இதைப் பிள்ளை தானாகக் கண்டுபிடித்துவிடும் என்று எதிர்பார்க்க முடியாது. பொருளை வைத்துக் காட்டித்தான் ஆகவேண்டும்.

பதினொன்றிலிருந்து தமிழ்ப் பெயர்கள் பிள்ளைக்கு உதவியாகத்தான் வருகின்றன. பதினேழு என்றால் பத்தும் ஏழும், எழுதும் வரிசையும் அதுவே. ஆங்கில வழிக்கு மாற்றினால் ‘ஒன் ஹண்ட்ரட் அண்ட் செவன்டீன்’ என்று கேட்டு அதே 10017-ஐத்தான் எழுதுவாள். செவன்டீனில் ஏழு முன்னால் வருவதால் 17-ஐ 71 என்று எழுதும் குழப்பமும் சேர்ந்துகொள்ளும்.

தமிழ்ப் பெயர்கள் பிள்ளையைச் சிக்கவைக்கும் இடம் ஒன்பது. இருபது, முப்பது, நாற்பது, எண்பது எல்லாம் ‘பது’ என்று முடியும் பத்துகள். ஒன்பதும் ‘பது’ என்றே முடிகிறது, ஆனால் அது வெறும் 9. தொண்ணூறு ‘நூறு’ என்று முடிகிறது, ஆனால் அது 90. தொள்ளாயிரம் ‘ஆயிரம்’ என்று முடிகிறது, அது 900. ஒன்பது வரும் இடத்திலெல்லாம் பெயர் ஒரு படி மேலே ஏறி நிற்கிறது. ஒன்பதுக்குத் தொல்காப்பியத்தில் தொண்டு என்றும் ஒரு பெயர் உண்டு. தொண்ணூறு, தொள்ளாயிரத்தின் முதல் பாதியில் அந்தச் சாயலைக் கேட்கலாம். ‘தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று ஒன்பது’ என்று ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லுங்கள். ஆயிரம், நூறு, பது மூன்றும் காதில் விழும். எழுதினால் 999. தொண்ணூறுக்கு 900 என்று எழுதிய உங்கள் மகள் சொல்லை நன்றாகக் காது கொடுத்துக் கேட்டிருக்கிறாள். அவளிடம் கணக்கு வராது என்று யாராவது சொல்லியிருந்தால், அதைச் சொன்னவர்களே திருப்பி வாங்கிக்கொள்ளட்டும்.

சொல்லச் சொல்ல எழுதும்போது இன்னொரு சிக்கலும் உண்டு. பேச்சில் ஐம்பது ‘அம்பது’ ஆகிறது, எண்பது ‘எம்பது’ ஆகிறது. வேகமாகச் சொன்னால் பெரியவர்களுக்கே பிரித்துக் கேட்பது கஷ்டம். இந்த இரண்டையும் மட்டும் எழுத்தில் இருப்பதுபோலத் திருத்தமாக உச்சரியுங்கள்.

இனி செய்ய வேண்டியது. தென்னை விளக்குமாற்றிலிருந்து ஈர்க்குச்சிகளை எடுத்து விரல் நீளத்துக்கு நறுக்கி 300 துண்டு சேருங்கள். முனை குத்தாமல் பார்த்து வெட்டுங்கள். பத்துப் பத்தாக எண்ணி ரப்பர் பேண்டு போட்டுக் கட்டுவது அவளுடைய வேலை. நீங்கள் கட்டிக்கொடுத்தால் பலன் பாதிதான். கட்டுக்குள் பத்து இருக்கிறது என்பது கட்டிய கைக்குத்தான் தெரியும். ஒன்பதும் பதினொன்றும் விழத்தான் செய்யும், பிரித்து எண்ணச் சொல்லுங்கள். பத்துக் கட்டுகளைச் சேர்த்து ரிப்பனால் கட்டினால் ஒரு நூறு. கடைசியில் நூறு கட்டு 2, பத்துக் கட்டு 9, உதிரி 10 இருக்க வேண்டும். நூலால் முடிச்சுப் போடாதீர்கள், அவளால் அவிழ்க்க முடியாது. அவிழ்ப்பதும் பாடம்தான்.

முதல் வாரம் பென்சிலே வேண்டாம். நீங்கள் எண்ணைச் சொல்லுங்கள், அவள் எடுத்து வைக்கட்டும். 117, 126, 234. நூறு இடப்பக்கம், பத்து நடுவில், உதிரி வலப்பக்கம். வைத்துவிட்டு ‘ஒரு நூறு, ஒரு பத்து, ஏழு’ என்று சொல்லி, அதன் பிறகு ‘நூற்றுப் பதினேழு’ என்று சொல்லட்டும். ஐந்து எண் போதும். கால் மணி நேரத்துக்கு மேல் உட்காரவைக்காதீர்கள்.

இரண்டாம் வாரம் அட்டை. பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையே நன்றாக இருக்கும். உயரம் எல்லாவற்றுக்கும் 5 செ.மீ. ஒன்றுகளுக்கு 4 செ.மீ. அகலம், பத்துகளுக்கு 8, நூறுகளுக்கு 12. நாலு செ.மீ.க்கு ஒரு இலக்கம். 1 முதல் 9, 10 முதல் 90, 100 முதல் 900, மொத்தம் 27 அட்டை. 100-ன் மேல் 10-ஐயும் அதன் மேல் 7-ஐயும் வலது ஓரம் சேரும்படி அடுக்கினால் 117 தெரியும். இடது ஓரத்தைச் சேர்த்தால் 700 வரும். அவள் அப்படி வைத்தால் உடனே திருத்தாதீர்கள், குச்சியைப் பார்த்து அவளே சொல்லட்டும். 100-ன் இரண்டு பூஜ்யமும் எங்கே போயின என்று அட்டையைத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். அவை கீழேதான் இருக்கின்றன. பார்த்துவிட்டால் 10017 எழுதும் கை தயங்க ஆரம்பிக்கும். அடுத்து 107. பத்து அட்டை இல்லாததால் நடுப் பூஜ்யம் மறையாமல் வெளியே தெரிகிறது. அதன் பிறகு 170. இந்த மூன்றையும் ஒரே நாளில் அடுத்தடுத்து வையுங்கள்.

மூன்றாம் வாரம் ஒன்பது. குச்சியில் 199 வைத்துவிட்டு மிச்சமிருக்கும் பத்தாவது உதிரியைச் சேர்க்கச் சொல்லுங்கள். உதிரி பத்தாகிறது, கட்டு. கட்டுகள் பத்தாகின்றன, ரிப்பன். 200. தொண்ணூறு என்றால் ஒன்பது பத்து, தொள்ளாயிரம் என்றால் ஒன்பது நூறு என்று சுவரில் எழுதி ஒட்டுங்கள். 909, 990 இரண்டையும் அட்டையிலும் நூறு, பத்து, ஒரு ரூபாய்க் கணக்கிலும் செய்யலாம்.

மணிச்சட்டத்தை இப்போதே வாங்கிவிடாதீர்கள். அதில் பத்தின் கம்பியில் இருக்கும் மணியும் ஒன்றின் கம்பியில் இருக்கும் மணியும் ஒரே அளவு. ஒரு மணி எப்படிப் பத்தாகும் என்று பிள்ளைக்குப் புரியாது. குச்சிக்கு அடுத்தது ரூபாய், மணிச்சட்டம் அதற்கும் பிறகு. இந்த வரிசையைப் பள்ளியிலும் அவசரத்தில் மாற்றிவிடுகிறார்கள்.

கழித்தலுக்கும் இதே குச்சிதான். 52-லிருந்து 27 போனால் 35 என்று எழுதும் பிள்ளைகள் நிறைய. 2-ல் 7 போகாது என்பதால் 7-ல் 2-ஐக் கழித்துவிடுகிறார்கள். ‘பக்கத்தில் கடன் வாங்கு’ என்று சொல்லிக்கொடுப்பதை விட்டுவிடுங்கள். திருப்பித் தராத கடன் என்ன கடன்? ‘ஒரு கட்டைப் பிரி’ என்று சொல்லுங்கள். ஐந்து கட்டு நாலாகும், உதிரி பன்னிரண்டாகும், கண்ணெதிரே 25 மிஞ்சும்.

மற்றவை. ர, ற பேச்சில் பல ஊர்களில் ஒன்றாகிவிட்டன. வாசிக்க வாசிக்கத்தான் கண்ணுக்குப் பழகும், இப்போதைக்கு விடுங்கள். பி, டி திரும்புவது இந்த வயதில் பல பிள்ளைகளுக்கு இருப்பதுதான். அறிவியல் நோட்டு காலியாக இருப்பதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. எந்த இலை எந்த இலையோடு சேர்ந்தது, ஏன் என்று கேளுங்கள். வேப்பிலையையும் முருங்கை இலையையும் ஒன்றாக வைத்தாளா, புளிய இலையை எங்கே வைத்தாள் என்று கேளுங்கள். அரை மணி நேரம் பேசுவாள்.

‘மொட்டு’ என்ற சொல்லை ஃபெயில் என்று படித்திருக்கிறீர்கள். அதுதான் எனக்கு வலிக்கிறது. கொரோனாவில் பள்ளி மூடிக் கிடந்ததால் ஏற்பட்ட இடைவெளியை நிரப்பத்தான் 2022-ல் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தை ஒன்று முதல் மூன்று வரையிலான வகுப்புகளில் தொடங்கினார்கள். அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிப்பது பிள்ளை நிற்கும் இடத்திலிருந்து பாடத்தைத் தொடங்குவதற்கு. 117 தடுமாறும் பிள்ளையை மொட்டில் வைத்த ஆசிரியர் சரியாகத்தான் பார்த்திருக்கிறார். மத்திய அரசின் அடிப்படைக் கற்றல் திட்டமான நிபுன் பாரத் இலக்குப்படி மூன்றாம் வகுப்பு முடியும்போது 9999 வரை படிக்கவும் எழுதவும் தெரிய வேண்டும். 117-ல் இடம் பிடிபடாத பிள்ளையை மலரில் உட்காரவைத்தால், நாலு இலக்கத்தில் ஆயிரத்துப் பதினேழை 100017 என்று எழுதுவாள். பக்கத்து வீட்டுப் பையனை எட்டாயிரத்து ஒன்பது எழுதச் சொல்லிப் பாருங்கள். அவனைச் சங்கடப்படுத்த வேண்டாம், விடையை நீங்கள் மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.

டியூஷன் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மூன்று வாரம் குச்சியும் அட்டையும் செய்யுங்கள். அதன் பிறகு தொள்ளாயிரத்து ஒன்பது எழுதச் சொல்லி, அவள் என்ன எழுதினாள் என்று எனக்கு எழுதுங்கள்.