பங்குனியில் பேதிக்குக் குடித்தால் உடம்பு புதுசாகுமா?

கேள்வி: வயது 52. பாலக்கோடு பக்கம் கிராமம். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை எடுக்கிறேன். காலையில் இடுப்பும் முழங்காலும் பிடித்துக்கொள்கின்றன, உடம்பு கனமாக இருக்கிறது. வசந்த காலத்தில் உடம்பு தன்னைப் புதுப்பித்துக்கொள்ளுமாம். விளக்கெண்ணெயில் பேதிக்குக் குடித்துவிட்டு, ஒரு வாரம் ஜூஸ் மட்டும் குடித்தால் கழிவெல்லாம் போய்விடும் என்கிறார் நாத்தனார். செய்யலாமா?

பதில்: வேண்டாம் அம்மா.

உடம்பு புதுப்பித்துக்கொள்வது உண்மைதான். ஆனால் அதற்குப் பங்குனி, ஐப்பசி என்ற கணக்கெல்லாம் கிடையாது. குடலின் உட்சுவர் சில நாளுக்கொரு முறை மாறிவிடும், மேல்தோலுக்கு ஏறக்குறைய ஒரு மாதம், ரத்தச் சிவப்பணுவுக்குச் சுமார் 120 நாள். சிறுநீரகம் தினமும் 180 லிட்டர் அளவுக்கு வடிகட்டி, அதில் பெரும்பகுதியைத் திரும்ப ரத்தத்துக்கே அனுப்பிவிடுகிறது. பேதிக்குக் குடித்தால் போவது தண்ணீரும் உப்பும்தான். நம் ஊரில் வசந்தம் என்று பேர்தான், பங்குனி வெயில் ஏற்கெனவே வியர்வையாக அதைப் பிழிந்துகொண்டிருக்கும்.

உங்கள் பிரஷர் மாத்திரையில் நீர் பிரிய வைக்கும் மருந்தும் சேர்ந்திருந்தால், பேதி அன்று பிரஷர் இறங்கித் தலை சுற்றும், சிறுநீரகமும் அடிவாங்கும். சர்க்கரை மாத்திரையின் பெயர் 'ஃபுளோசின்' என்று முடிகிறதா, அட்டையைப் பாருங்கள். அதைப் போட்டுக்கொண்டு சாப்பாட்டை நிறுத்தினால், சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலேயே ரத்தத்தில் அமிலம் கூடி ஆபத்தாகலாம். வெறும் வயிற்றில் பாகற்காய் ஜூஸும் சர்க்கரை மாத்திரையும் சேர்ந்தால் சர்க்கரை மளமளவென இறங்கவும் கூடும். சித்த மருத்துவத்திலும் பேதி மருந்து உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. அதை ஆளைப் பார்த்துத்தான் கொடுப்பார்கள். ஆசை இருந்தால் அரசு மருத்துவமனையின் சித்தா பிரிவில் மாத்திரை அட்டைகளைக் காட்டிக் கேளுங்கள்.

எனக்கு உறுத்துவது அந்த இடுப்புப் பிடிப்புதான். நம் தர்மபுரி மாவட்டத்தில் பல ஊர்களில் போர் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டிய தண்ணீரை வருடக்கணக்கில் குடித்தால் பல்லில் பழுப்புக் கறை விழும் (சின்ன வயதிலிருந்தே குடித்தவர்களுக்கு), அப்புறம் இடுப்பும் மூட்டும் இறுகலாம். அதற்காகத்தான் 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. குழாயில் அந்தத் தண்ணீர் வராத நாளில் நீங்கள் எதைக் குடிக்கிறீர்கள்? போர் தண்ணீரைக் காய்ச்சினால் ஃபுளோரைடு போகாது, தண்ணீர் வற்றுவதால் கொஞ்சம் கூடத்தான் செய்யும். சோறு வடிக்க, டீ போட என்று எல்லாவற்றுக்கும் ஒகேனக்கல் தண்ணீரையே பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். போர் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள். உடம்பைச் சுத்தம் செய்ய ஆசைப்படுகிறவர் முதலில் குடத்தைத்தான் பார்க்க வேண்டும். வலிக்கு வேறு காரணங்களும் இருக்கலாம், அதையும் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

சாப்பாட்டில் பெரிய மாற்றம் வேண்டாம். கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து அதிகம், சிறிய உருண்டைக் களியோடு கீரைக் குழம்பும் ஒரு டம்ளர் மோரும் போதும். கூழாகக் கரைத்து இரண்டு சொம்பு குடித்தால் சர்க்கரை ஏறும். களி என்றால் ஏறாது என்று நினைக்காதீர்கள், அளவுதான் கணக்கு. யுகாதிக்கு வேப்பம்பூ ரசம் வைத்தால் ருசிக்காகச் சாப்பிடுங்கள். கிருஷ்ணகிரி மாம்பழம் வந்ததும் இரண்டு துண்டு, அதுவும் அன்றைய களியைக் குறைத்துக்கொண்டு. வெயில் ஏறுமுன் அரை மணி நேரம் நடங்கள்.

இதைப் படிப்பதற்குள் பேதிக்குக் குடித்துவிட்டிருந்தால், ஒரு பாக்கெட் ஓஆர்எஸ்ஸை அதில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். தலை சுற்றினாலோ, சிறுநீர் குறைந்தாலோ, வாந்தி வந்தாலோ உடனே ஜி.எச். போய்விடுங்கள். கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 2021இல் அரசு ஆரம்பித்த 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் மூலமாக வீட்டுக்கு மாத்திரை வருகிறது என்றால், அடுத்த முறை வருகிறவரிடம் கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) எடுத்து எவ்வளவு நாளாகிறது என்று கேளுங்கள். ஒரு வருடம் தாண்டியிருந்தால் எடுத்துவிடுங்கள்.