பண்டாரவளையில் இரண்டு நாள், அப்புறம்?

அன்பின் அக்கா,

போன மாதம் ஒரு சனி, ஞாயிறு பண்டாரவளையில் நடந்த, கோஸ்பல் என்கிற அமெரிக்கக் கிறிஸ்தவப் பாட்டுக் கூட்டத்துக்குப் போனேன். நான்கு குரல் சேர்ந்து பாடும் நால்வர் குழுக்களின் பாட்டென்றால் எனக்குப் பைத்தியம். எங்கள் தோட்டத்தில் அதைப் பற்றிப் பேச ஆளில்லை. அங்கே மஸ்கெலியாக்காரர் ஒருவரும் பதுளை டீச்சர் ஒருவரும் என்னைப் போலவே இருந்தார்கள். ராத்திரி சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவும் வரைக்கும் மூன்று பேரும் பேசித் தீரவில்லை. சொந்தக்காரரைப் பிரிகிற மாதிரிதான் பிரிந்தோம். இப்போது எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் காலை வணக்கப் படம் மட்டும்தான் வருகிறது. அந்த நெருக்கம் வெறும் கூட்ட மயக்கமா? எங்கள் சபைப் பெரியவர் வேறு, "நம்ம கீர்த்தனை இருக்க அமெரிக்கப் பாட்டு எதுக்கு?" என்கிறார்.

ஒரு வாசகர், தலவாக்கலை

அன்பின் தம்பி,

பெரியவரின் கேள்வி சுலபம், அதை முதலில் முடித்துவிடலாம். சபையில் பாடும் தமிழ்க் கீர்த்தனைகள் பலவற்றை எழுதிய வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) தஞ்சாவூர்க்காரர். நம் மலைக்கு அதுவும் கடல் தாண்டி வந்ததுதான். பாமாலை என்கிற சபைப் பாட்டுப் புத்தகத்தில் ஆங்கிலம், ஜெர்மன் பாட்டுகளின் தமிழாக்கம் எத்தனை என்று அவரையே புரட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். சண்டை மட்டும் வேண்டாம், அவர் உங்களுக்குத் தேவைப்படலாம்.

நெருக்கத்துக்கு வருவோம். நீங்கள் மேடையைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை, கவனித்தீர்களா? எழுதியதெல்லாம் பாத்திரம் கழுவிய நேரத்தைப் பற்றித்தான். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் முழுநாள் பாட்டுக் கூட்டம் என்று ஒரு பழைய வழக்கம் உண்டு. காலையில் கூடிப் பாடுவார்கள். மத்தியானம் வீட்டுச் சமையலைக் கோயில் முற்றத்தில் பரப்பி எல்லாரும் சாப்பிடுவார்கள். அப்புறம் திரும்பவும் பாட்டு. சும்மா கேட்க வந்தவர்களுக்கு அங்கே பெரிய இடமில்லை, வந்தவர்தான் பாடகர்.

உங்கள் நால்வர் குழுக்களின் பிறப்பு இன்னும் வேடிக்கை. 1910 இல் டென்னசி மாநிலத்து லாரன்ஸ்பர்க்கில் ஜேம்ஸ் வான் என்ற பதிப்பாளர், தன் பாட்டுப் புத்தகங்களை விற்க நான்கு பேரைச் சம்பளத்துக்கு அமர்த்தி ஊர் ஊராக அனுப்பினார். சனங்கள் வாங்கிப் போய்த் தாங்களே பாட வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. கறுப்பின மக்களின் கோஸ்பலிலும் இதைப் பார்க்கலாம். தோமஸ் டோர்சி, புளூஸ் என்கிற கறுப்பின மக்களின் உலகப் பாட்டுக்குப் பியானோ வாசித்தவர். 1932 இல் பிரசவத்தில் மனைவியையும் அடுத்து அந்தக் குழந்தையையும் பறிகொடுத்தார். அதை ஒட்டிய காலத்திலேதான் சாலி மார்ட்டினோடு சேர்ந்து பாடகர் குழுக்களுக்கென்று ஒரு மாநாட்டைத் தொடங்கினார். வந்த குழுக்கள் புதுப் பாட்டு படித்துக்கொண்டு ஊருக்குப் போயின.

இப்போதைய கூட்டங்களில் ஆளுயர ஸ்பீக்கர், விருந்தினர் குழு, "கையைத் தட்டுங்கள்" என்று ஒரு அதட்டல். எனக்கு அது பிடிப்பதில்லை. தட்டிய கையோடு பஸ் ஏற வேண்டியதுதான், வீட்டுக்குக் கொண்டுபோக வேலை எதுவும் இல்லை. உங்கள் குரூப் வறண்டதற்கும் அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். நெருக்கம் பொய்யில்லை தம்பி, மூன்று பேருக்கும் சேர்ந்து செய்ய ஒன்றும் இல்லாமல் போய்விட்டது.

ஒரு பாட்டை எடுங்கள். நால்வர் பாட்டுக்கு டெனர் (மேல்குரல்), லீட் (மெட்டைப் பாடுபவர்), பாரிடோன் (நடுக்குரல்), பாஸ் (அடிக்குரல்) வேண்டும், உங்களிடம் ஓர் ஆள் குறைகிறது. பெரியவருக்குக் கனத்த குரலென்றால் பாஸுக்குக் கூப்பிடுங்கள், கீர்த்தனை பாடிய தொண்டைக்கு நீள மூச்சு வரும். பாரிடோனைப் பொறுமைசாலிக்குக் கொடுங்கள். மற்ற மூவரும் விட்டுவைத்த சுரத்தைப் பிடிக்கிற குரல் அது. தனியாகப் பாடினால் பாட்டு மாதிரியே இருக்காது. ஆளுக்கு ஆள் தன் பகுதியைப் போனில் பதிந்து குரூப்பில் போடுங்கள். வீடியோ காலில் சேர்ந்து பாடப் போகாதீர்கள், ஒருவர் குரல் மற்றவரை எட்டுவதற்குள் தாளம் போய்விடும்.

பிறகு ஒரு ஞாயிறு மத்தியானம் தலவாக்கலையிலேயே கூடுங்கள். மஸ்கெலியாக்காரர் ஹட்டன் வந்து பஸ் மாறலாம், டீச்சருக்குத்தான் தூரம். சாப்பாட்டை ஆளுக்கொன்றாகச் சமைத்து வரச் சொல்லுங்கள், கடைப் பார்சல் வேண்டாம்.

என்ன பாட்டு என்று கேட்பீர்கள். டீச்சருக்கு மேல்குரலா, கீழ்க்குரலா என்று நீங்கள் எழுதவில்லையே. அதைக் கேட்டு எழுதுங்கள், சொல்கிறேன்.