நினைவு ஃபெலோஷிப்: டர்பன் பக்கத்துப் பெண் ஓவியர்கள் கேட்டவை

அக்கா, நான் போடுவதெல்லாம் கோலம்தான். பெண் ஓவியர்களுக்கான நினைவு ஃபெலோஷிப்புக்கு (மறைந்த ஒருவர் நினைவாகத் தரும் உதவித்தொகைக்கு) அதை அனுப்பினால் சிரிப்பார்களா?
– வாசகி, சாட்ஸ்வொர்த்

தாராளமாக அனுப்புங்கள் தங்கச்சி. ஆனால் எனக்கு அனுப்பிய அந்தப் படம் வேண்டாம். பாதிக் கோலத்தின் மேல் உங்கள் நிழல், ஓரத்தில் ஒரு ஜோடி செருப்பு! வெயில் ஏறுவதற்கு முன் ஏணியில் நின்று நேர் மேலிருந்து எடுங்கள். சிவப்பு பாலிஷ் போட்ட திண்ணையில் அரிசி மாவு விழும்போது கோட்டின் ஓரம் லேசாகச் சிதறுமே, அது தெரிகிற மாதிரி கிட்டத்தில் இன்னொரு படம். தேர்வுக்குழு முதலில் பார்ப்பது படத்தைத்தான், கட்டுரையை அப்புறம்தான். எத்தனை புள்ளி, எத்தனை அடி, என்றைக்குப் போட்டது, எதனால் அழிந்தது (மழையோ, பேரனோ) என்று படத்துக்குக் கீழே குறித்துவிடுங்கள். 'வீட்டு வேலைக்கு நடுவே சும்மா போடுவது' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

எனக்கு வயது 52. 'வளரும் கலைஞர்' என்று கேட்கிறார்களே?
– வாசகி, ஃபீனிக்ஸ்

அது பெரும்பாலும் அனுபவத்தைக் குறிப்பது. வயது வரம்பு என்று தனியாகப் போடாதவரை விண்ணப்பியுங்கள். இதுவரை எங்கும் காட்சிக்கு வைத்ததில்லை என்றால், டர்பன் கிளென்வுட்டில் உள்ள கேஇசட்என்எஸ்ஏ (குவாசுலு-நடால் கலைச் சங்கம்) கேலரியின் உறுப்பினர் கண்காட்சி நல்ல தொடக்கம்.

ஒரு குடும்பம் காசு கொடுத்து வரையச் சொன்ன பாட்டி படம்தான் என் வேலையிலேயே சிறந்தது. சேர்க்கலாமா?
– வாசகி, டோங்காட்

கொஞ்சம் பொறுங்கள். நம் தென்னாப்பிரிக்காவின் 1978ஆம் ஆண்டுக் காப்புரிமைச் (காப்பிரைட்) சட்டப்படி, உருவப்படத்தைப் பணம் கொடுத்து வரையச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, காப்புரிமை வரையச் சொன்னவருக்குத்தான். மற்ற ஓவியங்களில் பொதுவாக வரைந்தவருக்கு. அது வரைந்தவர் காலத்துக்குப் பிறகும் 50 ஆண்டு நீடிக்கும். இது தெரியாமல் ஒரு கல்யாணப் படத்தைக் கண்காட்சி அழைப்பிதழில் போட்டு, மணப்பெண்ணின் மாமியாரிடம் நான் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். அனுமதியை இரண்டு வரியில் எழுதி வாங்குங்கள், வாட்ஸ்அப்பில் வந்தாலும் சரி. அடுத்த ஆர்டருக்கு முன்பணம் வாங்கும்போதே காப்புரிமையையும் பேசி, எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

யார் நினைவாகத் தருகிறார்களோ அவரை எவ்வளவு புகழ வேண்டும்?
– வாசகி, பீட்டர்மாரிட்ஸ்பர்க்

அஞ்சலிக் கூட்டத்துக்கா போகிறீர்கள்? அவர் என்ன வரைந்தார், பணம் எதற்காக ஒதுக்கப்பட்டது என்று படியுங்கள், உங்கள் வேலை அதோடு ஒட்டுகிறதா என்று பார்க்க. விவரமாக எழுத வேண்டியது செலவுக் கணக்கை: கான்வாஸ், ஃபிரேம், இட வாடகை எல்லாம் ராண்டில். நீங்கள் வரையும் நேரத்தில் பிள்ளையைப் பார்த்துக்கொள்பவருக்குக் கொடுக்கும் கூலியையும், விதி அனுமதித்தால், கூச்சப்படாமல் அதில் போடுங்கள்.