அண்டாவில் வால்வு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்களிடமிருந்து வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைக் கேட்கின்றன: வோர்ட் (முளைகட்டிய தானியத்திலிருந்து வடித்த, இன்னும் நொதிக்காத இனிப்புச் சாறு) கொதிக்க வைக்கும் அண்டாவின் அடியில் வால்வு பொருத்துவது எப்படி, பொருத்திய பிறகு ஒழுகினால் என்ன செய்வது. அதனால் இந்த முறை பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன். நீங்கள் இருக்கும் இடத்தில் வீட்டில் காய்ச்சச் சட்டம் இடம் தருகிறதா என்பதை மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: 20 லிட்டர் பீருக்கு எவ்வளவு பெரிய அண்டா வேண்டும்? எவர்சில்வர் நல்லதா, அலுமினியம் நல்லதா? வால்வு அவசியமா? இதுவரை நானும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கித்தான் ஊற்றுகிறோம்.

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதைப் படித்ததும் எனக்குப் பயமாகிவிட்டது. 20 லிட்டருக்கு மேல் சூடான வோர்ட், அதோடு அண்டாவின் எடை, எல்லாம் சேர்ந்தால் 25 கிலோவைத் தாண்டும். அதை இரண்டு பேர் தூக்கிச் சாய்க்கும்போது ஒருவர் கால் இடறினால் போதும். இனிமேல் தயவுசெய்து தூக்காதீர்கள். வால்வு வைக்கும் வரை ஆறவிட்டு, குழாய் போட்டு சைஃபன் முறையில், அதாவது நிரம்பிய குழாயின் மறுமுனையைத் தாழ வைத்துத் தானாக வழியவிட்டு, இறக்குங்கள்.

அளவைப் பொறுத்தவரை 35 முதல் 40 லிட்டர் வரை கொள்ளும் அண்டா வாங்குங்கள். ஒரு மணி நேரக் கொதியில் 3, 4 லிட்டர் ஆவியாகிவிடும், அடிமண்டியில் இன்னும் கொஞ்சம் போகும், ஆக 25 லிட்டருக்கு மேல் ஊற்றித்தான் தொடங்க வேண்டியிருக்கும். கொதி வரும் நேரத்தில் நுரை ஏறி நிற்கவும் மேலே இடம் வேண்டும். அலுமினியம் கெடுதல் என்று பலர் எழுதியிருக்கிறீர்கள், அப்படி இல்லை. அது எவர்சில்வரைவிடப் பத்து மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும், அதனால் அடி பிடிப்பது குறைவு. முதல் உபயோகத்துக்கு முன் தண்ணீர் நிரப்பி அரை மணி நேரம் கொதிக்க விட்டால் உள்பக்கம் மங்கிச் சாம்பல் நிறமாகும். அந்தப் படலம்தான் பாதுகாப்பு, தேய்த்துப் பளபளப்பாக்கிவிடாதீர்கள். காஸ்டிக் சோடா கலந்த கழுவுபொருள் அலுமினியத்தை அரித்துவிடும். அந்தக் கவனம் இருக்காது என்று தோன்றினால் எவர்சில்வரே வாங்கிவிடுங்கள்.

கேள்வி: வெல்டிங் செய்ய ஆள் இல்லை. வெல்டிங் இல்லாமல் நானே துளை போட்டு வால்வு பொருத்த முடியுமா?

முடியும், ஒரு மதிய நேர வேலைதான். ஆனால் துளை போடுவதற்கு முன் செலவழிக்கிற பத்து நிமிடம்தான் முக்கியமானது. அண்டாவின் சுவர் அடியோடு சேரும் இடத்தில் வளைந்திருக்கும். ஓ-ரிங்கும் (ஒழுகாமல் அடைக்கும் ரப்பர் போன்ற வளையம்) வாஷரும் வளைவின் மேல் உட்கார்ந்தால் எத்தனை இறுக்கினாலும் ஒழுகும், ஆகவே வாங்கிய வாஷரையே சுவரில் வைத்து, அதன் கீழ் விளிம்பு வளைவு முடிந்த பிறகு வருகிற மாதிரி நடுப்புள்ளியைக் குறியுங்கள். "இவ்வளவு மேலே வைத்தால் அடியில் வோர்ட் தங்கிவிடுமே" என்று பயந்து கீழே இறக்கத் தோன்றும். இறக்காதீர்கள், அடியில் தங்குவதை எடுக்க வேறு வழி இருக்கிறது, கீழே சொல்கிறேன். கைப்பிடிகள் இடமும் வலமும் இருக்க, வால்வு உங்களைப் பார்த்து நடுவில் வரட்டும். உள்ளே வரும் நட்டின் மேல் குளிர்விக்கும் சுருள் (வோர்ட்டை ஆற்ற உள்ளே இறக்கும், குளிர்ந்த நீர் ஓடும் குழாய்) முட்டுமா என்பதையும் வைத்துப் பாருங்கள்.

குறித்த இடத்தில் சென்டர் பஞ்சால் ஒரு தட்டு. உள்பக்கம் மரக்கட்டை ஒன்றைத் தாங்கலாகக் கொடுங்கள், இல்லாவிட்டால் மெல்லிய சுவர் உள்வாங்கும். முதலில் 3 அல்லது 4 மில்லிமீட்டர் பிட், அதன் பிறகு ஸ்டெப் பிட் (படிப்படியாக அகலமாகும் கூம்பு வடிவ பிட்). எவர்சில்வருக்கு ஒரு குணம் உண்டு: பிட் வெட்டாமல் மேலே தேய்த்துக்கொண்டே இருந்தால் அந்த இடம் இறுகிப்போய், அப்புறம் எந்தப் பிட்டும் இறங்காது. வேகமாகச் சுற்றி மெதுவாக அழுத்துவதுதான் புதிதாகச் செய்பவர்கள் எல்லோரும் செய்வது. மாற்றிச் செய்யுங்கள், மெதுவாகச் சுற்றி நன்றாக அழுத்துங்கள், சொட்டுச் சொட்டாக எண்ணெய் விட்டுக்கொண்டே இருங்கள், சுருள் சுருளாகத் துகள் வந்தால் சரியாகப் போகிறது என்று அர்த்தம். அரை இன்ச் ஃபிட்டிங்கின் மரை வெளிவிட்டம் சுமார் 21 மில்லிமீட்டர், ஆகவே துளை பெரும்பாலும் 22 மில்லிமீட்டருக்கு வந்து நிற்கும், ஆனாலும் கடைசிப் படிக்கு முன் ஃபிட்டிங்கை வைத்துப் பார்த்துவிடுங்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். சுற்றும் பிட் பக்கத்தில் தொளதொள கையுறை வேண்டாம்.

துளை விழுந்ததும் இரண்டு பக்கப் பிசிரையும் அரத்தால் எடுங்கள். பிசிர் விட்டால் அது ஓ-ரிங்கை அறுக்கும். உதிர்ந்த துகளை ஒன்றுவிடாமல் துடைத்தெடுங்கள், வால்வுக்குள் ஒன்று போனாலும் உள்ளே ஒழுகாமல் அடைக்கும் டெஃப்லான் வளையத்தை, அதாவது இருக்கையை, கீறிவிடும். எண்ணெய் போக சோப்பும் வெந்நீரும் போட்டுக் கழுவுங்கள். பிறகு பொருத்தி, ஓர் இரவு முழுக்கக் குளிர்ந்த தண்ணீர், மறுநாள் ஒரு மணி நேரம் கொதிக்கும் தண்ணீர், இரண்டிலும் பாருங்கள். பச்சைத் தண்ணீரில் ஒழுகாதது சூட்டில் ஒழுகுவது உண்டு.

வெல்டிங்தான் வேண்டும் என்றால், டிக் வெல்டிங் தெரிந்தவரிடம் உள்பக்கமும் ஆர்கான் வாயு விட்டுச் செய்யச் சொல்லுங்கள். விடாவிட்டால் உள்ளே கறுப்பாகச் சொரசொரப்பாகப் பொரிந்துபோகும், அதில் அழுக்கு தங்கும், துருவும் அங்கேதான் தொடங்கும்.

கேள்வி: வால்வு பொருத்தி மூன்று முறை கழற்றி மாட்டிவிட்டேன். டெஃப்லான் டேப்பும் ஏகப்பட்டது சுற்றினேன். ஆனாலும் நிமிடத்துக்கு ஒரு சொட்டு விழுகிறது. என்ன தப்பு?

சொட்டு எங்கிருந்து வருகிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். வெளிப்பக்கம் நன்றாகத் துடைத்துவிட்டு டிஷ்யூ காகிதத்தை ஒவ்வொரு இணைப்பிலும் ஒற்றிப் பாருங்கள்.

சுவரை ஒட்டி வந்தால் டேப்பால் பயனில்லை. மரை என்பது சுருள்பாதை, அந்தப் பாதை வழியாகவே வோர்ட் சுற்றிச் சுற்றி வெளியே வரும். அதைத் தடுப்பது ஓ-ரிங்தான். அது சுவரில் தட்டையாக உட்கார்ந்து, அதே நேரத்தில் மரையையும் கவ்விக்கொண்டிருக்க வேண்டும். ஓ-ரிங் நழுவாமல் இருக்கப் பள்ளம் வெட்டிய வாஷர் கிடைக்கும், அது இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. சாதாரண வாஷர் போட்டு ஸ்பானரால் மல்லுக்கட்டினால் ரிங் பிதுங்கி ஒரு பக்கமாக வெளியே வந்துவிடும், உங்களுக்கு நடந்திருப்பது அதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். கையால் இறுகும் வரை திருகி, அதன்மேல் கால் சுற்று, அவ்வளவுதான். ரிங் சிலிக்கானாக இருக்கட்டும், 200 டிகிரி வரை தாங்கும். அடுப்புத் தீ பக்கவாட்டில் ஏறி வால்வை நக்குகிறதா என்றும் பாருங்கள், அப்படியானால் நடுவில் ஒரு தகடு மறைப்பு வையுங்கள்.

வால்வும் ஃபிட்டிங்கும் சேரும் இடத்தில் ஒழுகினால் அது வேறு கதை. அரை இன்ச் மரையில் பி.எஸ்.பி. (பிரிட்டிஷ் முறை), என்.பி.டி. (அமெரிக்க முறை) என்று இரண்டு வகை இருக்கின்றன. இந்த அளவில் இரண்டுக்குமே இன்ச்சுக்கு 14 மரைதான், அதனால் ஒன்றுக்குள் ஒன்று முதலில் சமர்த்தாக ஏறும். ஆனால் ஒன்றின் மரைக்கோணம் 55 டிகிரி, மற்றதன் கோணம் 60. எத்தனை டேப் சுற்றினாலும் முழுசாகப் பொருந்தாது. வெவ்வேறு இடத்தில் வாங்கிய பாகங்கள் என்றால் இதைத்தான் முதலில் சந்தேகப்படுவேன். ஒரே வகை வாங்கி, மரை ஏறும் திசையில் டேப்பை நாலைந்து சுற்று சுற்றினால் போதும்.

கேள்வி: வால்வு துளை அடியிலிருந்து 4 சென்டிமீட்டர் மேலே இருக்கிறது. ஒவ்வொரு முறையும் நிறைய வோர்ட் வீணாகிறது. சல்லடைக் குழாய் மாட்டினேன், ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ) அடைத்துக்கொண்டு அதுவும் நின்றுவிட்டது.

உங்கள் சல்லடை கெட்டது இல்லை, உங்கள் ஹாப்ஸுக்குப் பொருந்தாதது. முழுப் பூவாக ஹாப்ஸ் போடுகிறவர்களுக்கு அது அருமையாக வேலை செய்யும், பூக்களே வடிகட்டியாகப் படுத்துக்கொள்ளும். பெல்லட் ஹாப்ஸ், அதாவது பொடித்து அழுத்திய குளிகை, கரைந்து சேறாகிவிடும், சல்லடைக் கண்ணை நிமிடத்தில் மூடும். பெல்லட்டைப் பையில் கட்டிப் போடுங்கள், அல்லது சல்லடையைக் கழற்றிவிட்டு டிப் டியூப் போடுங்கள்.

டிப் டியூப் என்பது வால்வின் உள்வாயிலிருந்து வளைந்து இறங்கி, அடியை முக்கால் சென்டிமீட்டர் இடைவெளியில் பார்த்துக்கொண்டு நிற்கும் ஒரு குழாய். வோர்ட் மட்டம் வால்வுக்குக் கீழே போன பிறகும் சைஃபன் இழுத்துக்கொண்டே இருக்கும். ஒரே நிபந்தனை, அந்த இணைப்பில் காற்று புகக் கூடாது. புகுந்தால் மட்டம் துளை உயரத்துக்கு வந்ததும் சட்டென்று நின்றுவிடும்.

டியூப்பின் வாய் நடுவில் இருக்கக் கூடாது, சுவர் ஓரமாக இருக்க வேண்டும். காரணம் அழகானது. தேநீரைக் கரண்டியால் சுழற்றினால் இலைத்தூள் ஓரத்துக்குப் போகாமல் கோப்பையின் நடுவில் குவியும் அல்லவா, அதை 1926-ல் ஐன்ஸ்டீன் விளக்கி எழுதினார். மேலே சுழலும் நீர் வெளியே தள்ளப்படுகிறது, ஆனால் தரையை உரசிக்கொண்டிருக்கும் நீர் வேகம் குறைந்துபோவதால் அதை உள்நோக்கி அழுத்தம் தள்ளிவிடுகிறது, போகிற போக்கில் தூளையும் நடுவுக்குக் கூட்டிச் செல்கிறது. அண்டாவிலும் அதேதான். அடுப்பை அணைத்து, குளிர்விக்கும் சுருளை வெளியே எடுத்துவிட்டு, பெரிய கரண்டியால் ஒரே திசையில் இரண்டு நிமிடம் சுழற்றி, மூடி வைத்துவிட்டு 15, 20 நிமிடம் தொடாமல் இருங்கள். மண்டி நடுவில் கூம்பாக உட்காரும். அப்புறம் வால்வை முழுசாகத் திறக்காமல் பாதி திறந்து இறக்குங்கள், வேகமாக இழுத்தால் கூம்பு சரிந்துவிடும். முதல் தடவை கூம்பைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் இன்னும் நினைவிருக்கிறது.

கேள்வி: பித்தளை வால்வு போடலாமா?

போடலாம். பித்தளையின் மேற்பரப்பில் ஈயம் கொஞ்சம் இருக்கலாம், அதை எடுக்க வெள்ளை வினிகர் இரண்டு பங்கு, 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு பங்கு கலந்து ஐந்து, பத்து நிமிடம் ஊறவையுங்கள். வெண்ணெய் மஞ்சளாக மாறியதும் எடுத்துக் கழுவிவிடுங்கள், கரைசல் பச்சையாகும் வரை விட்டால் செம்பே கரையத் தொடங்கிவிட்டது என்று பொருள். புதிதாக வாங்கப் போகிறீர்கள் என்றால் எவர்சில்வர் வால்வு வாங்கிவிடுங்கள்.

கேள்வி: வால்வு வைத்ததற்குப் பிறகு தொடர்ந்து இரண்டு தடவை பீர் புளித்துவிட்டது. அண்டாதான் கொதிக்கிறதே, கிருமி எங்கிருந்து வரும்?

வால்வுக்குள்ளிருந்து வரலாம். அண்டா கொதித்தாலும் மூடிய வால்வின் வயிற்றில் நிற்கும் வோர்ட் அந்த ஓட்டத்தில் சேராது, கொதிநிலைக்கு வராமலே இருந்துவிடும். அதோடு பால் வால்வின் (உள்ளே துளையிட்ட ஓர் உருண்டை திரும்பித் திறந்து மூடும் வகை) உருண்டைக்கும் உடலுக்கும் நடுவில் ஓர் இடுக்கு உண்டு, ஒவ்வொரு தடவை திருப்பும்போதும் அதில் கொஞ்சம் வோர்ட் தங்கும். என்னுடைய பழைய வால்வு கழற்ற முடியாத வகை. வெந்நீர் ஓட்டினால் சுத்தம் என்றே ஒரு வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். ஒருநாள் ரம்பத்தால் அறுத்துப் பார்த்தேன், உருண்டையைச் சுற்றிப் பழுப்பு நிறத்தில் பசை போல அப்பியிருந்தது, வாடை தாங்க முடியவில்லை. அன்றிலிருந்து கழற்றிக் கழுவ முடியாத எதையும் நான் அண்டாவில் மாட்டுவதில்லை.

அதனால் மூன்று பாகமாகக் கழலும் பால் வால்வு வாங்குங்கள். நான்கு போல்ட்டைக் கழற்றினால் உருண்டையும் இருக்கைகளும் தனித்தனியாகக் கைக்கு வரும். ஒவ்வொரு காய்ச்சலுக்குப் பிறகும் வால்வைப் பாதி திறந்து வைத்து வெந்நீர் விடுங்கள், அப்போதுதான் இடுக்குக்குள்ளும் நீர் போகும்; சில காய்ச்சலுக்கு ஒரு முறை முழுசாகக் கழற்றுங்கள். இன்னொன்று, கொதி முடிய 10 நிமிடம் இருக்கும்போது ஒரு லிட்டர் கொதிக்கும் வோர்ட்டை வால்வு வழியாகப் பிடித்துத் திரும்ப அண்டாவிலேயே ஊற்றுங்கள். பிடிக்கும் பாத்திரம் கைப்பிடியுள்ளதாக இருக்கட்டும், வால்வை மெதுவாகத் திறங்கள், முதலில் ஆவியோடு சீறும்.

கேள்வி: அடுத்ததாக மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாய் வைக்க நினைக்கிறேன். இன்னொரு துளை போடட்டுமா?

அவசரப்படாதீர்கள். ஒவ்வொரு துளையும் ஒழுக ஒரு வாய்ப்பு, கழுவ ஒரு மூலை. எவர்சில்வர் அளவுகோல் ஒன்று இருந்தாலே போதும். 36 சென்டிமீட்டர் விட்டமுள்ள அண்டாவில் ஒரு சென்டிமீட்டர் உயரம் என்பது கிட்டத்தட்ட ஒரு லிட்டர். மற்ற அளவுகளுக்கு லிட்டர் லிட்டராகத் தண்ணீர் ஊற்றி ஒரு மரக்குச்சியில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் கணக்கில் சேருங்கள்: கொதிக்கும் நீர், ஆறிய நீரைவிட 4 சதவீதம் அதிக இடம் எடுக்கும். கொதியில் குச்சி 25 என்று காட்டினால், ஆறிய பிறகு உங்கள் கையில் 24 லிட்டர்தான் இருக்கும்.