ஒரே பட்டறைக்குள் முடங்க வேண்டாம், தம்பி

யாழ்ப்பாணத்தில் பத்து வருசம் தச்சு வேலை செய்ததாகவும், ஐப்பசியில் ரொறன்ரோ வருவதாகவும் எழுதியிருந்தீர்கள். என்னென்ன தச்சு ஆயுதம் கொண்டுவருவது, மணிக்கு எவ்வளவு கிடைக்கும் என்று கேட்டிருந்தீர்கள். சம்பளத்தை வந்து நாலு இடத்தில் விசாரியுங்கள். கைக்குப் பழகிய உளிகள் போதும். திருகாணி முடுக்கி வேண்டாம். இங்கே பெரும்பாலும் தலையில் சதுரக் குழி வைத்த ரொபேட்சன் திருகாணிதான். ரொபேட்சன் என்பவர் 1908இல் பக்கத்து மில்டனில் அதற்குத் தொழிற்சாலை வைத்தார்.

ஆனால் பழைய முதலாளியிடம் வருசக் கணக்கோடு கடிதம் வாங்காமல் விமானம் ஏறாதீர்கள். ஒன்ராறியோ மாகாணத்தில் சான்றிதழ் இல்லாமலும் கபினட் வேலை, அதாவது அலுமாரி, தளபாட வேலை செய்யலாம். பிறகு பரீட்சை எழுதப் போனால் அனுபவத்துக்கு ஆதாரம் கேட்பார்கள். நான் அங்கேதான் அடிபட்டேன். 1993இல் வந்து, எங்கட ஆள் ஒருவரின் பட்டறையில் ஆறு வருசம் மெலமைன் பலகை வெட்டினேன். காசு கையில், சம்பளத் துண்டு கிடையாது. வெளியில் யாரோடும் பழகவும் விடமாட்டார், தொழில் பறிபோய்விடுமாம். எங்கட ஆக்கள் பலருக்கு இன்றும் இந்தப் பயம் இருக்கிறது. எனக்கு அது பிடிப்பதேயில்லை.

அந்த நாளில் வீட்டுக்கு மேப்பிள் மரத்தில் ஒரு மேசை செய்தேன். மூன்றடி அகலம். ஊரில் முதிரை மரத்துக்குச் செய்வதுபோல மேற்பலகையைச் சட்டத்தோடு இறுக்கி ஆணி முடுக்கினேன். பெப்ரவரியில், ஹீற்றர் சூட்டில் காற்று காய்ந்து, பலகை நடுவால் பிளந்தது. நகம் உள்ளே போகும் வெடிப்பு.

மரக்காலையில் பழக்கமான ஒருவர், மரவேலைக்காரர் மாதமொருமுறை கூடும் இடத்துக்கு என்னைக் கூட்டிப்போனார். அவரவர் செய்ததை மேசையில் வைத்து, பிழைத்ததையும் சொல்கிறார்கள். நான் வெடிப்பின் படத்தைக் காட்டினேன். ஒரு போர்த்துக்கேயக் கிழவர் விரல் நீள மரக்கட்டை ஒன்றைக் கையில் தந்தார். ஒரு முனையில் நாக்குப்போலச் சீவியிருந்தது. நாக்குச் சட்டத்தின் தவாளிப்புக்குள் போகும், கட்டையை மேற்பலகையோடு முடுக்க வேண்டும். கோடையில் பலகை விரியலாம், பனிக்காலத்தில் சுருங்கலாம், பிளக்காது. மூன்றடிப் பலகை கால் அங்குலத்துக்கு மேலும் அசையும் என்று அன்றுதான் அறிந்தேன்.

அடுத்த மாதம் பசையில்லாமல் ஆப்பு வைத்துக் கழுந்தை, அதாவது துளைக்குள் செருகும் முனையை, இறுக்கும் எங்கள் முறையை நான் செய்துகாட்டினேன். எல்லோரும் கதிரையை இழுத்துக்கொண்டு கிட்ட வந்துவிட்டார்கள். என் முதல் படிக்கட்டு வேலையும் அந்தக் கூட்டத்தில்தான் கிடைத்தது. ஆங்கிலம் அப்போது எனக்கு அரைகுறை, ஒருவரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

நீங்கள் செய்த கதவு நிலைகளைப் படமெடுத்து வாருங்கள், தம்பி. பொருத்துகளைக் கிட்ட வைத்து எடுங்கள். அதைத்தான் முதலில் கேட்பார்கள்.