அந்த ஐம்பது ஆண்டுகள் எங்கே கழிந்தன?

வணக்கம் ஐயா,

பிரான்ஸின் திராட்சை பிராந்தியான கொன்யாக்கின் பழைய வகைகளைப் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து படிக்கிறேன். என் ஐம்பதாவது பிறந்த நாளுக்கு நண்பர்கள் சேர்ந்து ஒரு புட்டி வாங்கித் தந்தார்கள். பெரிய கம்பெனியுடையது அல்ல. விவசாயிகளிடம் ஒற்றைப் பீப்பாய்களாக வாங்கி, தன் பெயரில் அடைத்து விற்கும் ஒரு சிறு வியாபாரியுடையது. லேபிளில் ‘ஃபேன் புவா, லாட் 73, 51.8%’ என்று மட்டும் இருக்கிறது. வீட்டில் இருந்த ஒரு பிரபல எக்ஸ்.ஓ.வோடு (நெடுநாள் பழுக்கவைத்த கொன்யாக் ரகம்) சேர்த்துக் குடித்துப் பார்த்தேன். எக்ஸ்.ஓ. வழுக்கிக்கொண்டு போனது, இனித்தது. இதுவோ எரிந்தது, மரவாடை அடித்தது. கொன்யாக் வட்டாரத்தின் பகுதிகளில் கிராண்ட் ஷாம்பெய்ன்தான் உயர்ந்தது, ஃபேன் புவா மட்டம் என்கிறார் ஒரு நண்பர். தன்னிடம் இருக்கும் 1914 புட்டிக்கு நூறு வயதுக்கு மேல் என்றும் சொல்கிறார். நண்பர்கள் ஏமாந்துவிட்டார்களா?

ராகவன், லியோன்

அன்புள்ள ராகவன்,

ஏமாந்திருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். நீங்கள் ஒப்பிட்ட விதத்தில்தான் சிக்கல். 40 சதவீத ஆல்கஹாலுக்கு நீர் சேர்த்து இறக்கிய ஒன்றையும் 51.8 சதவீதத்தில் இருக்கும் ஒன்றையும் பக்கத்தில் வைத்தால், முதல் ஐந்து நிமிடம் 40தான் ஜெயிக்கும். பெரிய நிறுவனங்களின் எக்ஸ்.ஓ. பல பீப்பாய்களின் கலவை. அதில் ஆக இளையதற்குக்கூட 10 வயது ஆகியிருக்க வேண்டும் என்பது 2018 முதல் விதி. அதற்கு முன் 6. கொஞ்சம் சர்க்கரை, நிறத்துக்குக் கேரமல், ஓக் சீவலை ஊறவைத்த சாறு ஆகியவற்றுக்கும் சட்டத்தில் இடமுண்டு. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஆண்டுதோறும் ஒரே சுவையைக் கொண்டுவருவது பெரிய வித்தை. ஆனால் உங்கள் பரிசுப் புட்டி வேறு நோக்கத்தோடு வந்தது. ஒரு பீப்பாய் எப்படி இருந்ததோ அப்படியே உங்கள் கைக்கு வந்திருக்கிறது.

இந்த வியாபாரம் எப்படி வந்தது என்று தெரிந்தால் அதன் அருமை புரியும். கொன்யாக் வட்டாரத்தில் திராட்சை பயிரிடும் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. பெரும்பாலோர் ஹென்னஸி, மார்ட்டெல், ரெமி மார்ட்டான், கூர்வுவாசியே போன்ற பெரிய நிறுவனங்களுக்கு விற்றுவிடுவார்கள். ஆனாலும் நல்ல விளைச்சல் வந்த வருடத்தில் ஒன்றிரண்டு பீப்பாயை வீட்டு நிலவறையில் ஒதுக்கி வைப்பது அங்கே பழைய வழக்கம். நம் வீடுகளில் பெண் பிறந்ததும் நகை சேர்ப்பதுபோல அது அவர்களுக்குச் சேமிப்பு. தாத்தா இறந்து பாகப்பிரிவினை வரும்போது அந்தப் பீப்பாய்கள் வெளியே வரும். ஜான் க்ரோபெரான் என்ற தரகர் இப்படிக் கிடைத்தவற்றைத்தான் 1990களில் தனியாக அடைத்து விற்கத் தொடங்கினார். எராவில் ஊரின் பாஸ்கே குடும்பம் அக்கம்பக்கத்து விவசாயிகளின் பழைய பீப்பாய்களை அந்தந்த விவசாயியின் பெயரையே புட்டியில் போட்டு வெளியிடுகிறது. அப்புறம் விஸ்கி விலை ஏறத் தொடங்கியதும் பெல்ஜியத்திலும் ஜெர்மனியிலும் இருந்த விஸ்கி ரசிகர்கள் இந்தப் பக்கம் வந்தார்கள். ஒற்றைப் பீப்பாய், நீர் கலக்காமல், எதுவும் சேர்க்காமல் என்ற பழக்கத்தையும் கூடவே கொண்டுவந்தார்கள்.

‘லாட் 73’ பெரும்பாலும் 1973 அறுவடையைத்தான் குறிக்கும். அறுவடை ஆண்டை நேரடியாக லேபிளில் போட வேண்டுமானால் பீப்பாய்க்கு அதிகாரிகள் வைத்த முத்திரையும் முறையான பதிவும் வேண்டும். விவசாயி வீட்டுப் பீப்பாய்க்கு அந்தக் காகிதங்கள் பல நேரம் இருக்காது. அதனால்தான் லாட் எண்.

சரி, 1973 என்றே வைத்துக்கொள்வோம். அதனால் மட்டும் அதற்கு உங்கள் வயது என்று ஆகிவிடாது. கொன்யாக்குக்கு மரத்தில் இருக்கும்போது மட்டும்தான் வயது ஏறும். கண்ணாடிக்குள் போனதும் நின்றுவிடும். மரச்சாறு அளவுக்கு மீறி இறங்குகிறது என்று தோன்றினால் பாதாள அறைக்காரர்கள் அதைப் பெரிய கண்ணாடிக் குடுவைகளுக்கு மாற்றிவிடுவார்கள். ‘தாம் ஜான்’ என்று அதற்குப் பெயர். 1973இல் விளைந்தது 2008இல் குடுவைக்குப் போயிருந்தால் அதற்கு 35 வயது, அவ்வளவுதான். உங்கள் நண்பரின் 1914க்கும் இதே கணக்கு. அது ஆண்கள் போர்முனைக்குப் போய்விட, பெண்களும் முதியவர்களும் சிறுவர்களும் பறித்துச் சேர்த்த அறுவடை; அதற்காகவே அந்தப் புட்டியைக் கையெடுத்துக் கும்பிடலாம். ஆனால் 1950இல் அடைத்திருந்தால் அது 36 வயதுக் கொன்யாக். நூறு வயது ஆகாது.

அந்த வருடங்கள் எந்த அறையில் கழிந்தன என்பதும் முக்கியம். வடித்து எடுத்தபோது 70 சதவீதத்தை ஒட்டி இருந்த சாராயம் மரத்துக்குள் மெல்ல இறங்கும். ஆற்றங்கரையில் ஈரம் கசியும் நிலவறை என்றால் ஆல்கஹால் அதிகம் பறக்கும். உள்ளே இருப்பது இளகி உருண்டு வரும். காய்ந்த மேல்மாடி என்றால் தண்ணீர் அதிகம் பறக்கும். வீரியம் தங்கிவிடும், சுவை ஒல்லியாகவும் கூர்மையாகவும் நிற்கும். இத்தனை வருடங்களுக்குப் பிறகும் 51.8 நிற்கிறது என்றால் உங்களுடையது உலர்ந்த இடத்தில் வளர்ந்தது என்று ஊகிக்கிறேன். ஒருமுறை ஒரே குடும்பத்தின் ஒரே அறுவடையை இரண்டு அறைகளிலிருந்தும் எடுத்துக் கொடுத்தார்கள். அவை உடன்பிறப்புகள் என்று சொல்லியிருக்காவிட்டால் நான் நம்பியிருக்க மாட்டேன். அந்தக் காலத்தில் ஆங்கிலேய வணிகர்கள் இளம் பீப்பாய்களைக் கப்பலில் பிரிஸ்டலுக்குக் கொண்டுபோய் அங்குள்ள ஈரக் கிடங்குகளில் வைத்ததும் இந்த ஈரத்தின் குணத்துக்காகத்தான். அவை வெளிறி, மென்மையாக, கிட்டத்தட்டப் பூவைப்போல இருக்கும். வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள்.

இப்போது ஃபேன் புவா. கிராண்ட் ஷாம்பெய்ன் சுண்ணாம்பு மண். அதன் சாராயம் மெதுவாகப் பழுக்கும், நெடுங்காலம் தாங்கும். ஃபேன் புவா சீக்கிரம் பழுக்கும் என்பதால் பெரிய கம்பெனிகள் அதை இளம் கலவைகளுக்கு நிறையப் பயன்படுத்துகின்றன. மட்டம் என்ற பெயர் அங்கிருந்துதான் வந்தது. யாரோ ஒரு விவசாயி மறந்து விட்டுவைத்த நாற்பது வயது ஃபேன் புவாவில் நான் மாம்பழத்தையும் பலாச்சுளையையும் முகர்ந்திருக்கிறேன். அந்தப் பழவாசம் கிராண்ட் ஷாம்பெய்னில் எனக்கு அவ்வளவு தாராளமாகக் கிடைத்ததில்லை. என் ரசனையில் இரண்டும் சமம். சில மாலைகளில் ஃபேன் புவா ஒரு படி மேல்.

மறுபடி ருசிக்கும்போது இப்படிச் செய்யுங்கள். வயிறு பெருத்த பலூன் கோப்பை வேண்டாம். துலிப் வடிவக் கோப்பை எடுங்கள். ஆளுக்கு 10 மில்லி போதும், ஒரு மாலைக்கு மூன்று வகைக்கு மேல் வேண்டாம். ஊற்றிவிட்டு அரை மணி நேரம் தொடாதீர்கள். முதலில் மூக்கைக் கோப்பைக்குச் சற்று மேலேயே வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தண்ணீர் சொட்டுச் சொட்டாக. அங்கே நீர் சேர்த்து இறக்குவதையே மாதக்கணக்கில், வருடக்கணக்கில் செய்கிறார்கள். நாம் ஒரேயடியாக ஊற்றினால் அது உடைந்துபோகும். எக்ஸ்.ஓ.வைக் கடைசியில் குடியுங்கள். முதலில் குடித்தால் அதன் இனிப்பு நாக்கில் உட்கார்ந்துகொண்டு மற்றதைப் புளிப்பாகக் காட்டும்.

நீங்கள் மரவாடை என்று சொன்னதற்குள் இன்னொன்றும் ஒளிந்திருக்கலாம். ‘ரான்சியோ’ என்பார்கள். நீண்ட காலம் மரத்தில் இருக்கும்போது கொழுப்பு அமிலங்கள் காற்றுப் பட்டு மாறி வருவது. காளான், வால்நட், பழைய தோல் என்று பிரெஞ்சுக்காரர்கள் எழுதுகிறார்கள். எனக்கு அது பாட்டியின் மரப்பெட்டியைத் திறந்ததும் வரும் வாசனை, கூடவே வெண்ணெய் உருக்கிய சட்டியின் அடியில் பொன்னிறமாகத் தங்கும் கசண்டு. உங்கள் மூக்குக்கு என்ன தோன்றுகிறதோ அதையே எழுதி வையுங்கள்.

பின் லேபிளில் எந்த ஆண்டு அடைத்தார்கள் என்று இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் விற்றவருக்கே எழுதி, மரத்தில் எத்தனை ஆண்டு, குடுவையில் எத்தனை ஆண்டு, ஈர அறையா உலர்ந்த அறையா என்று கேளுங்கள். இந்தத் தொழிலில் நல்லவர்கள் மகிழ்ச்சியோடு பதில் சொல்வார்கள். பதில் வந்ததும் எனக்கும் எழுதுங்கள், அந்த 51.8 எங்கே வளர்ந்தது என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.