நோட் ஜேஎஸ் நிரலில் டெர்மினல் எழுத்துக்கு வண்ணம் கொடுக்கத் தனி லைப்ரரி தேவையா, நாமே எழுதிக்கொள்ளலாமா?

நீங்கள் ஒரு சின்ன கமாண்ட் லைன் கருவி எழுதுகிறீர்கள், சிவப்பும் பச்சையும் இருந்தால் போதும், இதற்கு எதற்கு ஒரு பேக்கேஜ் என்று யோசிக்கிறீர்கள். அப்படித்தானே? மூன்று வருடத்துக்கு முன் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

வண்ணம் கொடுப்பது எளிது. எஸ்கேப் எழுத்து, இடது சதுர அடைப்பு, 31, எம் என்று அச்சிட்டால் அதற்கப்புறம் வருவதெல்லாம் சிவப்பு. 39 போட்டால் பழைய நிறம் திரும்பிவிடும். எங்கள் இரவு பேக்கப் ஸ்கிரிப்டில் பிழை வரிகளை இப்படித்தான் சிவப்பாக்கினேன். திரையில் பளிச்சென்று இருந்தது.

ஆனால் இரவில் அது கிரானில் (குறித்த நேரத்தில் நிரலைத் தானே ஓட்டும் வசதி) ஓடி, லாக் கோப்பில் எழுதும். ‘எரர்’ என்று தொடங்கும் வரி அதில் இருந்தால் எங்களுக்கு மெயில் அனுப்ப இன்னொரு ஸ்கிரிப்ட். நான் வண்ணம் பூசியதும் அந்த வரிகள் எஸ்கேப் எழுத்தில் தொடங்கின. ஐந்து இரவு பேக்கப் தோற்றது, ஒரு மெயில் கூட வரவில்லை. கோப்பை கேட் கமாண்டில் பார்த்தால் வரி ஒழுங்காக ‘எரர்’ என்றே தொடங்கும், சிவப்பு நிறத்தில். எஸ்கேப் குறியீட்டை அப்படியே காட்டும் லெஸ் கமாண்டில் திறந்த பிறகுதான் அதற்கு முன்னால் ஒட்டிக்கொண்டிருந்த 31 கண்ணில் பட்டது.

‘இது கவனக்குறைவு, லைப்ரரி இல்லாததால் வந்ததல்ல’ என்று சிலர் சொல்வார்கள். அவுட்புட் திரைக்குப் போகிறதா, கோப்புக்குப் போகிறதா என்று நான் பார்த்திருக்க வேண்டும், உண்மைதான். சாக் (chalk) என்ற வண்ண லைப்ரரி அதைத் தானே பார்த்துக்கொள்கிறது, கோப்பு என்றால் வண்ணத்தை விட்டுவிடும். அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு சாக்கைப் போடச் சொல்லவில்லை. 2022 ஜனவரியில் கலர்ஸ் என்ற இன்னொரு வண்ண பேக்கேஜை அதை எழுதியவரே முடிவில்லாத லூப்பில் மாட்டிவிட்டார். 2025 செப்டம்பரில் பராமரிப்பவர் ஒரு போலி மெயிலில் ஏமாந்ததால் சாக்கின் ஒரு பதிப்பிலேயே திருட்டு நிரல் நுழைந்தது. நோட் 20.12 முதல் அதனுடனேயே வரும் யூட்டில் மாட்யூலில் வண்ணம் கொடுக்க ஸ்டைல்டெக்ஸ்ட் (styleText) என்ற ஃபங்ஷன் இருக்கிறது. புதிய பதிப்புகளில் அவுட்புட் திரைக்குப் போகிறதா என்று அது பார்க்கிறது, வண்ணம் வேண்டாம் என்று சொல்லும் நோ_கலர் (NO_COLOR) மாறியையும் மதிக்கிறது. உங்களுக்கு அதுவே போதும்.

அட்டவணை அச்சிடுவதாக இருந்தால் முதலில் பேட்எண்ட் (padEnd) போட்டு இடைவெளியால் நீளத்தைச் சமமாக்குங்கள், அப்புறம் வண்ணம். 31-க்கும் 39-க்குமான குறியீடுகள் சேர்ந்து பத்து எழுத்தாகக் கணக்கில் வந்துவிடும், வரிசை கோணும்.

வண்ணமே இல்லாமல் கோணுவது நம் தமிழ்தான். ‘தமிழ்’ என்பதன் நீளத்தை ஜாவாஸ்கிரிப்டிடம் கேட்டால் 5 என்கிறது. எழுத்துகளைப் பிரித்து எண்ண உதவும் இன்டல் செக்மென்டர் (Intl.Segmenter) சரியாக 3 என்கிறது, ஆனால் அந்த மூன்றை எத்தனை கட்டத்தில் வரைவது என்பதில் டெர்மினலுக்கு டெர்மினல் வேறுபாடு. கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் எரிச்சலாக வருகிறது. எத்தனையோ முறை முயன்றுவிட்டு, இப்போது எங்கள் அறிக்கையில் தமிழ்ப் பெயர்களைக் கடைசி நெடுவரிசைக்குத் தள்ளி வைத்திருக்கிறேன்.